தண்ணி நிக்கல

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை பிற்பகல், துறைமுகச் சாலையின் கிழக்குக் கோடியில், நாற்பது மாடிக் கட்டடத்துக்காகத் தோண்டிய பள்ளத்தின் வடமூலையில், லிஃப்ட் குழிக்கு அடிக் கான்கிரீட் போடப்பட்டது. புதன்கிழமை காலை அந்தக் கான்கிரீட்டின் நடுவில் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

தையலக்காவுக்கு விஷயம் தெரிந்தது புதன் மத்தியானம். பள்ளத்துக்குப் பின்தெருவில், ஒரே ஒரு ஷட்டர் அகலமுள்ள கடை அவளுடையது. ஒரு தையல் மெஷின், ஓரம் அடிக்க இன்னொன்று, போட்டுப் பார்க்கிறவர்களுக்காக மூலையில் ஒரு திரை. பள்ளம் தோண்ட ஆரம்பித்ததிலிருந்து மற்ற துணிகளைவிட ஆரஞ்சு நிற வேலைச் சட்டைகள்தான் அவளிடம் அதிகம் வந்தன. கம்பெனி எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுத்துவிடுகிறது. ஒல்லியாக இருப்பவனுக்கு அது கூடாரம், தொப்பை வைத்தவனுக்கு அது கட்டு. பிடித்துத் தைப்பதும் பிரித்து விடுவதும் அவள் பாடு.

அன்று அவளுடைய தம்பி தலையிலிருந்த ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். பள்ளத்தில் கான்கிரீட் வேலை அவன் பொறுப்பு, படித்து இன்ஜினியரானவன். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

“அக்கா, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லுவியா?”

இப்படி ஆரம்பித்து யாரும் நல்ல விஷயம் கேட்டதில்லை. அவள் மெஷினிலிருந்து காலை எடுத்தாள்.

“மாமா மறுபடி ஆரம்பிச்சுட்டாரா?”

எதை என்று அவள் கேட்கவில்லை. அந்தக் குடும்பத்தில் ‘ஆரம்பிப்பது’ என்றால் ஒன்றுதான். அவளுடைய கணவர் ஒரு காலத்தில் குடிநீர் நிலையத்தில் பம்பு பார்த்துக்கொண்டிருந்தார். குடியால் அந்த வேலை போனது. வேலை போன பிறகுதான் குடியும் போனது. அதன்பின் சில்லறை வேலைகளாகப் பார்த்துக்கொண்டிருந்தவரை, இந்தப் பள்ளத்தில் நீர் இறைக்கும் பம்புகளுக்கு மேற்பார்வையாளராகச் சேர்த்துவிட்டவன் தம்பிதான். திட்ட மேலாளரிடம் போய், இவருக்கு நான் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லிச் சேர்த்தான். சேர்ந்த வாரமே ஆட்கள் அவருக்குத் தண்ணிக்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தண்ணீர் அவர் வேலை, அதனால் அந்தப் பெயர். அவர் அதை வீட்டில் ஒரு தமாஷாகச் சொன்னபோது, அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டோடு எழுந்து போய்விட்டாள். அதன்பின் அவர் சொல்லவில்லை. ஆனால் பெயர் பசை மாதிரி ஒட்டிக்கொண்டது.

தம்பி நின்றபடியே நடந்ததைச் சொன்னான். செவ்வாய்க்கிழமை கான்கிரீட் லாரிகள் வரிசையாக வந்து நின்றுவிட்டன. வந்த சரக்கை வெயிலில் வைத்துக்கொண்டிருக்க முடியாது, இறுகிவிடும். அவன் மேலே, மாமா கீழே குழியின் விளிம்பில். மேலிருந்து பார்த்தால் கம்பிக்கூடும் அதன் அடியில் விரித்த பிளாஸ்டிக் தாளும்தான் தெரியும். தாளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. வாக்கிடாக்கியில் கேட்டான். தண்ணீர் இல்லை என்று மாமா சொன்னார். அப்படியானால் போடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போட்டான். எல்லாம் முடிந்து கீழே இறங்கிப் பார்த்தால் ஆளைக் காணோம்.

“தெக்கு மூலையில, ஜெனரேட்டருக்குப் பின்னாடி உக்காந்திருந்தாரு அக்கா. வாயில என்னமோ மென்னுக்கிட்டு. மூஞ்சியே சரியில்ல.”

அவள் தொங்கிய நூலைக் கத்தரித்தாள்.

“மேலாளர்கிட்ட நான் இன்னும் அதைச் சொல்லல. வெள்ளிக்கிழமை தனித்தனியா கூப்பிட்டு விசாரிக்கிறாராம். ரெண்டுல ஒருத்தன் வேலை போறது உறுதி. வீட்ல வாசனை வருதான்னு மட்டும் சொல்லு.”

“வரல.”

“நல்லா பாத்தியா?”

“அதைப் பாக்க முடியாதுடா. மோந்துதான் பாக்கணும்.”

அவன் சிரிக்கவில்லை. போகும்போது தலை ஷட்டரில் இடித்தது. ஹெல்மெட் இருந்ததால் பிழைத்தான். அவள் மறுபடி மெஷினில் காலை வைத்தாள். அன்று தைத்த தையல் நேராக வரவில்லை.

பள்ளத்தின் சங்கதி அந்தத் தெருவில் எல்லோருக்கும் ஓரளவு தெரியும். கடலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு சாலைதான் இருக்கிறது. பள்ளத்தைச் சுற்றி உயரமான இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று கோத்து மண்ணுக்குள் அடித்து இறக்கியிருந்தார்கள். அந்தச் சுவருக்கு வெளியே கடல், உள்ளே வேலை. தகடும் தகடும் சேரும் இடுக்குகளில் கசியும், தரைக்கு அடியிலிருந்தும் ஊறும். பம்புகள் ஓயாமல் இறைத்தால்தான் உள்ளே கால் வைக்க முடியும். அந்தச் சத்தத்துக்குத் தெருவே பழகிப்போயிருந்தது. பம்பு ஓடினால் தூங்குவார்கள், நின்றால் விழித்துக்கொள்வார்கள்.

சாயங்காலம் கணவர் வந்தார். கால் கழுவினார், சாப்பிட்டார், கைகழுவிவிட்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவள் கேட்கவே இல்லை. அவராகவே சொன்னார்.

“உன் தம்பி என் கழுத்தை அறுத்துட்டான்.”

அவர் சொன்ன கதை இப்படி இருந்தது. வடமூலையில் ஊற்று அடங்கவே இல்லை. பம்பு இழுக்க இழுக்க அடியிலிருந்து வந்துகொண்டே இருந்தது. தம்பி வாக்கியில் கேட்டபோது, தண்ணீர் அடங்கவில்லை என்று தெளிவாகச் சொன்னார். சரி, இன்றைக்கு வேண்டாம், விட்டுவிடுகிறேன் என்று அவன் சொன்னான். அதை நம்பி, தெற்கு மூலையில் மக்கர் பண்ணிக்கொண்டிருந்த இன்னொரு பம்பைப் பார்க்கப் போனார். லாரிகள் இறங்குவதைப் பார்த்தபோதுகூட வேறு பக்கத்துத் தூணுக்குப் போகிறது என்றே நினைத்தார். அவர் முதுகு திரும்பியதும் அவன் போட்டுவிட்டான். லாரிச் சரக்கு வீணாகப் போனால் மேலாளர் அவனைத்தானே கேட்பார். இப்போது பழியைத் தூக்கி இவர் தலையில் கட்டுகிறான்.

“அவன் அப்படிப் பண்ற ஆளா?” என்றாள்.

“பண்ற ஆள் இல்லன்னுதான் நானும் நினைச்சேன். லாரி வரிசை கட்டி நின்னா யாருமே பழைய ஆள் இல்ல.”

அவர் தூங்கிய பிறகு அவள் அவருடைய பையைத் திறந்தாள். செய்யக்கூடாது என்று தெரிந்தே செய்தாள். சாப்பாட்டு டப்பா, துண்டு, கையுறை, தண்ணீர் பாட்டில். பாட்டிலின் மூடியைத் திருகி மூக்கருகே கொண்டுபோனாள். பிளாஸ்டிக் வாசனை. சட்டைப் பையில் கைவிட்டாள். சிறிய காகிதப் பொட்டலம். பிரித்தால் கிராம்பு.

பழைய நாட்களில் அவர் வாயில் கிராம்பு மணந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. கிராம்பு மணக்காத நாளில் அவரிடம் மற்ற வாசனை தெரியும். தெரியாத நாளில் கிராம்பு மணக்கும். பொட்டலத்தை இருந்த மடிப்பிலேயே மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

வியாழக்கிழமை காலை, தைத்து முடித்த வேலைச் சட்டைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு அவளே பள்ளத்து வாசலுக்குப் போனாள். வழக்கமாக யாராவது வந்து வாங்கிப் போவார்கள். மூட்டையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, தகர வேலியில் வேடிக்கை பார்ப்பவர்களுக்காக வெட்டி வலை அடித்திருந்த சதுர ஓட்டையில் முகத்தை வைத்தாள்.

மாடி மாடியாகக் கீழே இறங்கும் பள்ளம். மேலே வெயில் சுட்டது, அடியில் மண் கறுப்பாக ஈரமாகக் கிடந்தது. அழுகிய முட்டை நாற்றம் வலையைத் தாண்டி முகத்தில் அடித்தது. வடமூலையில் போட்ட கான்கிரீட் வெளிர்ச் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய மேசை மாதிரி இருந்தது. அதன் நடுவில், கொதிக்கிற பானையில் வருவதுபோல் சின்னச் சின்னக் குமிழிகள். சிமென்ட் கரைந்து பால் மாதிரி ஓரமாக வடிந்துகொண்டிருந்தது. அவள் கணவர் அதன் பக்கத்தில் குந்தி, குழாயின் வாயை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

அவள் பார்வையைத் திருப்பினாள். திருப்பிய இடத்தில் தம்பி நின்றான். பள்ளத்தின் மேல்விளிம்பில், அடுக்கி வைத்த கம்பிக் கட்டுகளுக்குப் பின்னால் பாதி மறைந்து, அவனும் கீழே அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்கொத்திப் பாம்பு மாதிரி. யாருக்கும் தெரியாமல் பார்க்கிறவன் எதற்கு அப்படிப் பார்க்கிறான்? மாமாவின் தப்பைத் தேடுகிறானா, தன் தப்பை மறைக்க ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறானா? இந்த எண்ணம் வந்ததும் அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஒரே வலை ஓட்டை வழியாகக் கணவனையும் தம்பியையும் திருடர்களைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளை யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்களோ?

கடைக்குத் திரும்பியபோது கிரேன்காரர் மனைவி காத்திருந்தாள். கையில் கணவனின் வேலைச் சட்டை, வாயில் பள்ளத்துச் செய்தி. தண்ணிக்காரர் தண்ணியில் இருந்ததாகக் கீழே பாதிப் பேர் பேசிக்கொள்கிறார்களாம். மீதிப் பாதிப் பேர், லாரியைத் திருப்பி அனுப்பப் பயந்து சின்ன இன்ஜினியர் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட்டார் என்கிறார்களாம். குழிக்குள் இறங்கிக் கான்கிரீட்டைக் கெட்டிப்படுத்தும் மெஷின் பிடித்த ஆட்கள் ஈரத்தைப் பார்த்தார்களாம். ஆனால் அந்தப் பள்ளத்தில் ஈரமில்லாத இடத்தை அவர்கள் பார்த்ததே இல்லையாம், அதனால் வாயைத் திறக்கவில்லையாம்.

“நான் எதையும் நம்பலக்கா,” என்றாள் கிரேன்காரர் மனைவி, எல்லாவற்றையும் நம்பியவளின் முகத்தோடு. “ஊர் வாயை மூட முடியுமா? சரி, இந்தச் சட்டையில உடம்பு மட்டும் பிடிச்சுடுங்க. கையை விட்டுடுங்க.”

தையலக்கா பழக்க தோஷத்தில் கேட்டாள். “விடறதுன்னா பிரிச்சு விடணுமா, அப்படியே விட்டுடணுமா?”

“அப்படியே இருக்கட்டும். கையில கை வைக்காதீங்க.”

இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்காமல் இருப்பதில்லை. கடை போட்ட புதிதில் ஒரு டீச்சர் ஒரு நல்ல சட்டையைக் கொடுத்து, கையை விட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். இவள் மெனக்கெட்டுக் கைத்தையலைப் பிரித்து, உள்ளே மடித்திருந்த துணியை எல்லாம் நீளமாக இறக்கி விட்டுத் தைத்தாள். டீச்சர் சொன்னது கையைத் தொடாதே என்று. போட்டுப் பார்த்தபோது கை விரல்நுனி வரை வந்தது. டீச்சர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கைகளையும் ஆட்டிக் காட்டினார். அந்தக் கைகள் இன்றும் அவள் கனவில் ஆடும்.

கிரேன்காரர் மனைவி போனாள். தையலக்கா சட்டையை விரித்து, உடம்புப் பக்கம் சாக்கட்டியால் கோடு போட்டாள். கைப் பக்கம் வந்ததும் அவளுடைய கை நின்றது.

விட்டுவிடுகிறேன் என்று அவன் சொன்னான் என்கிறார் இவர். போடுகிறேன் என்று சொன்னேன் என்கிறான் அவன்.

சாக்கட்டியை வைத்துவிட்டுத் தம்பிக்குப் போன் செய்தாள்.

“செவ்வாய்க்கிழமை வாக்கியில மாமா என்ன சொன்னாரு?”

“அதான் சொன்னேனே. தண்ணி இல்லன்னு சொன்னாரு.”

“‘இல்ல’ங்கிற வார்த்தையச் சொன்னாரா?”

“ரெண்டும் ஒண்ணுதான் அக்கா.”

“எனக்கு அர்த்தம் வேணாம். வார்த்தை வேணும். நீ என்ன கேட்ட, அவர் என்ன சொன்னாரு? கிளிப்பிள்ளை மாதிரி அப்படியே சொல்லு.”

அவன் மெதுவாகச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினான். நிறுத்திய இடம் அவளுக்குப் போதும்.

“வேலை முடிஞ்சதும் கடைக்கு வா,” என்றாள்.

பிறகு கணவரைக் கூப்பிட்டு அதையே சொன்னாள். தம்பி வருகிறான் என்று மட்டும் சொல்லவில்லை.

இருவரும் ஒரே நேரத்தில் ஷட்டர் வாசலில் வந்து சேர்ந்தார்கள். ஒருவரையொருவர் பார்த்ததும், எதிரெதிரே வந்த லாரிகள் மாதிரி இருவருமே பின்வாங்கப் பார்த்தார்கள். அவள் இருவரையும் உள்ளே தள்ளி ஷட்டரைப் பாதி இறக்கினாள்.

“இவனுக்குப் பரிஞ்சு பேசத்தானே கூப்பிட்ட?” என்றார் கணவர்.

“என்னைக் கெஞ்ச வைக்கத்தானே கூப்பிட்ட?” என்றான் தம்பி.

அவள் தம்பியைத் திரைக்குப் பின்னால் நிறுத்தினாள். கணவரை மெஷின் முன்னால் முக்காலியில் உட்கார வைத்தாள். திரையை இழுத்து மூடினாள்.

“நீ மேல இருக்க. நீங்க கீழ இருக்கீங்க. செவ்வாய்க்கிழமை பேசினதை மறுபடி பேசுங்க. ஒரு வார்த்தை கூடக் கூடாது, ஒரு வார்த்தை குறையக் கூடாது.”

“இது என்ன நாடகம்?” என்றது திரை.

“பேசுடா.”

திரைக்குக் கீழே தம்பியின் சேறு படிந்த பூட்ஸ் மட்டும் தெரிந்தது. பிறகு குரல் வந்தது.

“மாமா, தண்ணி நிக்குதா?”

“நிக்கல மாப்ள.”

“சரி, அப்ப நான் விட்டுடறேன்.”

“விட்டுடு.”

அவ்வளவுதான். பேச்சு முடிந்துவிட்டது. தையலக்கா இருவரையும் பார்த்தாள். ஒருவரை மட்டும்தான் பார்க்க முடிந்தது. அவர் முகத்தில் இன்னும் ஒன்றும் விளங்கியிருக்கவில்லை.

“நீங்க ‘நிக்கல’ன்னா என்ன அர்த்தத்துல சொன்னீங்க?”

“ஊறிக்கிட்டே இருக்கு, நிக்கவே இல்லன்னு. வேற என்ன?”

“நீ என்ன கேட்ட?”

திரை மெதுவாக விலகியது. தம்பி ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

“தேங்கி நிக்குதான்னு கேட்டேன்,” என்றான். “நிக்கலன்னதும் தரை காஞ்சிருக்குன்னு நினைச்சேன். விட்டுடறேன்னு சொன்னது லாரியை, கான்கிரீட் கொட்ட.”

“இன்னைக்குப் போட வேணாம்னு விட்டுடறேன்னு நான் நினைச்சேன்.”

“விட்டுடுன்னீங்க.”

“சொன்னேன்.”

இருவரும் அந்தப் பேச்சை மூன்று நாளாகத் தலைக்குள் சுமந்து திரிந்தவர்கள். ஆனால் சுமந்தது வார்த்தைகளை அல்ல. அவரவர் அதற்குப் பண்ணிக்கொண்ட பொருளை. கேட்டவர்களிடம் எல்லாம் அந்தப் பொருளைத்தான் திருப்பிச் சொன்னார்கள். அவளிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அதனால்தான் இருவருமே சத்தியம் பண்ணுகிறவர்கள் மாதிரியும், இருவருமே புளுகுகிறவர்கள் மாதிரியும் தெரிந்தார்கள்.

கணவர் முதலில் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. தம்பி சிரிக்கவில்லை. அவனுக்கு அடுத்த யோசனை வந்துவிட்டிருந்தது.

“இதைப் போய்ச் சொன்னா யாரு நம்புவாங்க?” என்றான். “தண்ணி இல்லன்னாருன்னு முன்னாடி சொன்னதையே நான் சொன்னா, எனக்கு ஒண்ணும் ஆகாது.”

சொன்ன பிறகுதான் யார் முன்னால் சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. பம்புச் சத்தம் ஷட்டருக்கு அடியில் நுழைந்து கடையை நிறைத்தது. கணவர் முக்காலியிலிருந்து எழுந்தார்.

“அப்ப அதையே சொல்லு மாப்ள. சின்ன வயசு உனக்கு. நான் இன்னொரு தடவை வேலை போய் வீட்ல உக்காந்தா புதுசா ஒண்ணும் இல்ல.”

தையலக்கா தம்பியைப் பார்த்தாள். “ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்லுவியான்னு என்கிட்ட கேட்டல்ல. நாளைக்கு மேலாளர் உன்னைக் கேப்பாரு.” அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஷட்டருக்குக் குனிந்து வெளியே போனான்.

வீட்டுக்கு நடக்கும்போது கணவர் கேட்டார். “பாட்டிலை மோந்து பாத்தியா?”

“பாத்தேன்.”

“மூடியை நான் அவ்வளவு இறுக்கித் திருக மாட்டேன்.”

“கிராம்பு எதுக்கு?”

“கீழ வந்து நின்னு பாரு. அந்தச் சேத்து நாத்தத்துக்கு வாயில ஏதாவது போட்டுக்கலன்னா குடலே வெளிய வந்துடும்.” கொஞ்ச தூரம் நடந்து, “வேற எதுக்குன்னு நினைச்ச?” என்றார். அவர் பதிலுக்காகக் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இருவரும் சேர்ந்தே கடைக்கு வந்தார்கள். மேலாளர் அறையில் நடந்ததைத் தம்பி சொன்னான். அவன் ஒளிக்காமல் சொல்லியிருந்தான். அடுத்து மாமாவும் அதையே, வார்த்தை மாறாமல் சொல்லியிருந்தார். மேலாளர் அதன்பின் இருவரையும் ஒன்றாக நிற்க வைத்து, அந்த நாலு வரியையும் இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுச் சிரித்திருக்கிறார்.

“‘நல்லாத்தான் இருக்கு, இதை யாரு கண்டுபிடிச்சது’ன்னு கேட்டாரு,” என்றான் தம்பி. “எங்க அக்கான்னு சொன்னேன்.”

“ஏன்டா அப்படிச் சொன்ன?”

“கேட்டாரு, சொன்னேன். நீதானே மறைக்காம சொல்லுன்ன.”

“அதுக்கு அவர் என்ன சொன்னாரு?”

தம்பி மாமாவைப் பார்த்தான். அவர்தான் சொன்னார். “‘அக்கான்னா, அதாவது இவர் சம்சாரம்’ன்னாரு. எப்ப கண்டுபிடிச்சாங்கன்னாரு. நேத்து சாயங்காலம், ஷட்டரைப் பாதி இறக்கிட்டுன்னு உன் தம்பி அதையும் சொல்லிட்டான்.”

மேலாளர் அத்தோடு விடவில்லை. இருவரும் தனித்தனியாக உளறியிருந்தால் நம்பியிருப்பேன், இப்படி ஒரே தாளத்தில் சொல்வதுதான் நெருடுகிறது என்றாராம். கீழே இறங்கி ஒருமுறை தாளைத் தூக்கிப் பார்த்திருந்தால் நாலு வரிக்கும் வேலையே இல்லையே என்று தம்பியிடம் கேட்டாராம். கடைசியில் மாமாவின் பக்கம் லேசாகச் சாய்ந்து மூக்கை உறிஞ்சி, கிராம்பு மெல்கிற பழக்கம் எத்தனை நாளாக என்று கேட்டாராம். சேற்று நாற்றம் என்று இவர் சொன்னார். மேலாளர் தலையை ஆட்டினார். எந்த அர்த்தத்தில் ஆட்டினார் என்று இருவருக்கும் தெரியவில்லை. இந்த முறை இருவருமே அதற்குப் பொருள் பண்ணிக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை முடிவு வந்தது. தம்பியை ஊருக்கு உள்ளே, கடல் இல்லாத வேறொரு கட்டட வேலைக்கு மாற்றினார்கள். அங்கே அவனுக்கு மேல் இன்னொரு இன்ஜினியர். கணவரைப் பம்புகளிலிருந்து எடுத்து, வாசலில் லாரிச் சக்கரங்களைக் கழுவும் இடத்தில் போட்டார்கள். தண்ணிக்காரர் என்ற பெயர் அங்கேயும் கூடவே போனது. வாக்கிடாக்கியில் ‘நிக்குது’, ‘நிக்கல’, ‘விடறேன்’ என்று யாரும் சொல்லக்கூடாது. ‘ஊறுது’, ‘காஞ்சிருக்கு’, ‘போடறேன்’ என்றுதான் சொல்ல வேண்டும் என்று உத்தரவாயிற்று. முதல் வாரம் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்தார்கள். பிறகு அப்படியே பேசினார்கள்.

வடமூலையில் போட்ட கான்கிரீட்டை உடைத்து எடுத்தார்கள். ஊற்றின் வாயில் குழாய் இறக்கி, தகடுகளின் இடுக்கில் சிமென்ட் கூழ் ஏற்றி அடைத்தார்கள்.

கணவர் இப்போது வேலையிலிருந்து வந்ததும் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து மேசைமேல் வைத்துவிட்டுத்தான் கால் கழுவப் போகிறார். அவள் அதைப் பார்க்காததுபோல் எடுத்துக் கழுவிக் கவிழ்க்கிறாள்.

ஏப்ரல் இரண்டாம் தேதி, புதன்கிழமை, லிஃப்ட் குழிக்கு மறுபடி கான்கிரீட் போடப்பட்டது. வியாழக்கிழமை காலை அது காய்ந்திருந்தது.